ஒரே திரை: வேலைக்கு, டிவிக்கு, விளையாட்டுக்கு

சென்னையில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. ஹாலில் காலியாக இருப்பது ஒரே ஒரு சுவர். பகல் முழுக்க எனக்கு அலுவலக வேலை, சாயங்காலம் அம்மாவுக்குச் செய்தியும் சீரியலும், ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கும் தம்பிக்கும் பிளேஸ்டேஷன். மூன்றையும் ஒரே எல்சிடி திரையில் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். முடிந்தது, ஆனால் மூன்றாவதாக வாங்கிய 32 அங்குல மானிட்டரில்தான். முதலில் வாங்கிய 32 அங்குல டிவி இப்போது ஊரில் சித்தப்பா வீட்டில் இருக்கிறது. அடுத்து வாங்கிய 43 அங்குல டிவியை ஒன்பதாயிரம் நட்டத்துக்கு அக்காவிடம் தள்ளிவிட்டேன். அதை மாட்டுவதற்காகச் சுவரில் போட்ட நான்கு துளைகளுக்கு, காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

இந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள். கடைக்குப் போவது ஒன்பதாவது படி. அதற்கு முன் உள்ளதெல்லாம் வீட்டிலேயே உட்கார்ந்து முடிக்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் 'எல்இடி டிவி' என்று விற்பதும் எல்சிடிதான். பின்னால் எரிகிற விளக்கு மட்டும் எல்இடி. 'கியூஎல்இடி' என்பதும் எல்சிடி குடும்பம்தான். 'ஓஎல்இடி' மட்டும் வேறு சாதி: அதில் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல்) தானே எரியும். படம் அருமையாக இருக்கும். ஆனால் நாள் முழுக்க அசையாமல் நிற்கிற டாஸ்க்பார் அதில் நிரந்தரத் தழும்பாகப் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. எட்டு மணி நேரம் எக்ஸெல் ஓடுகிற வீட்டில் அதை நான் வைக்க மாட்டேன்.

1. எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம்?

ஒரு தாளில் ஒரு வாரக் கணக்கை எழுதுங்கள். என்னுடையது இப்படி வந்தது: எழுத்து படிப்பது, தட்டச்சு செய்வது 45 மணி நேரம், அம்மாவின் டிவி 20, விளையாட்டு 8. இதை முதலிலேயே எழுதியிருந்தால் 43 அங்குலம் வாங்கியே இருக்க மாட்டேன். கடையில் நம்மை இழுப்பது அந்த எட்டு மணி நேர ஆசை. கண் வலிப்பது 45 மணி நேர வேலையில்.

உங்கள் கணக்கில் டிவிதான் பெரிய எண் என்றால், கணினியில் எப்போதாவது ஒரு ரயில் டிக்கெட் எடுப்பதோடு சரி என்றால், தாராளமாக 43 அங்குல 4கே டிவி வாங்குங்கள். மீதியில் ஆறாவது, ஏழாவது படிகளையும் ஒன்பதிலிருந்து உள்ளவற்றையும் மட்டும் படித்தால் போதும். எழுத்து வேலை பெரிய எண் என்றால் தொடர்ந்து வாருங்கள்.

2. அளவு நாடாவை எடுங்கள்

மூன்று அளவு தேவை. மேசையில் உட்கார்ந்தால் கண்ணிலிருந்து திரை வரை எவ்வளவு தூரம். கட்டிலிலோ சோபாவிலோ உட்கார்ந்தால் எவ்வளவு தூரம். மேசையின் அகலமும் ஆழமும். எனக்கு முறையே 70 செ.மீ., 8 அடி, 120க்கு 60 செ.மீ.

இப்போது திரையின் உண்மையான அகலம். பெட்டியில் போட்டிருக்கும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. 27 அங்குலத் திரை சுமார் 60 செ.மீ. அகலம். 32 அங்குலம் 71 செ.மீ. 43 அங்குலம் 95 செ.மீ. சட்டத்துக்கு ஓரிரு செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். டிவிகளின் கால்கள் இரண்டு ஓரங்களிலும் விரிந்து நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மேசை அந்த அகலத்துக்கு இருக்க வேண்டும். 43 அங்குலத்தை 60 செ.மீ. ஆழ மேசையில் வைத்தால் மேல் ஓரத்தைப் பார்க்கக் கழுத்தைத் தூக்க வேண்டியிருக்கும். மூன்று வாரத்தில் எனக்குக் கழுத்து வலி வந்தது. சுவரில் மாட்டிப் பின்னால் தள்ளினேன். துளை விவகாரம் அங்கேதான் ஆரம்பித்தது.

3. புள்ளியை எண்ணுங்கள், அங்குலத்தை அல்ல

என் முதல் தவறு இதில்தான். 32 அங்குல டிவி மலிவாகக் கிடைத்தது. பெட்டியில் 'எச்டி ரெடி' என்று இருந்தது. எச்டி என்றால் நல்லதுதானே என்று வாங்கிவிட்டேன். எச்டி ரெடி என்பது 1366க்கு 768 புள்ளி, அதாவது அகலத்தில் 1366, உயரத்தில் 768. அவ்வளவு பெரிய திரையில் அவ்வளவு குறைந்த புள்ளி என்றால் ஒவ்வொரு புள்ளியும் அரை மில்லிமீட்டருக்கு மேல். எட்டடி தள்ளி டிவி பார்க்க அது பிரச்சினையே இல்லை. 70 செ.மீ.யில் எழுத்து படிக்க உட்கார்ந்தால் கொசுவலை வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

சாதாரணப் பார்வை உள்ளவர் கண்ணுக்கு எந்தத் தூரத்துக்கு அப்பால் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது என்று கணக்குப் போடலாம். முக்கியமான சேர்க்கைகளுக்கு நான் போட்டது, ஏறக்குறைய:

24 அங்குலம், 1920க்கு 1080: 95 செ.மீ.
27 அங்குலம், 2560க்கு 1440: 80 செ.மீ.
32 அங்குலம், 1366க்கு 768: 178 செ.மீ.
32 அங்குலம், 1920க்கு 1080: 127 செ.மீ.
32 அங்குலம், 4கே: 63 செ.மீ.
43 அங்குலம், 4கே: 85 செ.மீ.

உங்கள் மேசைத் தூரத்தை இதோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. 24 அங்குல 1080இல் இன்றைக்கும் எத்தனையோ பேர் நிம்மதியாக வேலை செய்கிறார்கள். இரண்டு மடங்கு தள்ளி இருந்தால்தான் சிக்கல். 4கே என்பது 3840க்கு 2160 புள்ளி. 43 அங்குல 4கே திரை என்பது நான்கு 21.5 அங்குல 1080 திரைகளை இரண்டுக்கு இரண்டாக ஒட்டிவைத்தது போல. கணக்கில் பார்த்தால் நல்லதுதான். அது ஏன் எனக்கு ஒத்துவரவில்லை என்பது அடுத்த படியில்.

எட்டடி தூரத்திலிருந்து அம்மாவுக்கு 32 போதுமா என்ற கவலை எனக்கும் இருந்தது. அரசு கொடுத்த 14 அங்குலப் பெட்டியில் ஐந்து வருடம் சீரியல் பார்த்தவர் அவர். முதல் 32 அங்குல டிவி வந்தபோதே 'ஏண்டா, இவ்வளவு பெரிசா?' என்றார்.

4. டிவியா, மானிட்டரா?

ஒரே அளவு, ஒரே புள்ளிக் கணக்கு இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. டிவிக்குள் ஒரு சின்னக் கணினி உட்கார்ந்துகொண்டு, வருகிற படத்தை அழகுபடுத்தும். முகத்துக்கு அது நல்லது, எழுத்துக்குக் கெடுதல். டிவியை மானிட்டராக வைத்த மூன்று மாதத்தில் நான் பட்டவை:

எழுத்தின் ஓரம் மங்கல். நிறத் தகவலைக் குறைத்து வாங்குவது பல டிவிகளின் வழக்கம். எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே கேபிளில் வருகிற துளை) உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினால் பல டிவிகளில் இது சரியாகும். சிலவற்றில் எந்த அமைப்பிலும் சரியாகாது. என்னுடையது அந்த வகை.

படத்தின் ஓரம் வெட்டுப்படுதல். டாஸ்க்பார் பாதி திரைக்கு வெளியே போய்விடும். படத்தின் அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று மாற்ற வேண்டும். இது தீர்க்கக்கூடியது.

தானாக மங்குதல். எக்ஸெல் கோப்பு அசையாமல் நின்றால், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து டிவி வெளிச்சத்தைக் குறைக்கும். மின்சேமிப்பு அமைப்புகளை அணைத்தால் ஓரளவு நிற்கும்.

தூங்கி எழாமை. டீ குடித்துவிட்டு வந்து மவுசை அசைத்தால் மானிட்டர் எழுந்துகொள்ளும். டிவி எழாது, ரிமோட்டைத் தேட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. கேட்க அற்பமாக இருக்கும், அனுபவித்தால் தெரியும்.

மறுபக்கம், மானிட்டரில் கேபிள் ஒயரை நேராகச் செருக முடியாது, பெரும்பாலும் ரிமோட் கிடையாது, ஸ்பீக்கர் இருந்தாலும் கொசு ரீங்காரம்தான், ஓடிடி செயலிகள் இருக்காது. ஆனால் இத்தனையும் வெளியிலிருந்து சேர்க்கக்கூடியவை. செட்டாப் பாக்ஸ், ஓடிடிக்கு எச்டிஎம்ஐயில் செருகுகிற ஒரு ஸ்டிக், ஒரு ஜோடி ஸ்பீக்கர் போதும். மங்கலான எழுத்துக்கு வெளியிலிருந்து எதையும் சேர்க்க முடியாது. நான் மானிட்டர் பக்கம் சாய்ந்தது இதனால்தான்.

நடுவில் 'ஸ்மார்ட் மானிட்டர்' என்று ஒரு வகை இருக்கிறது. சாம்சங், எல்ஜி இரண்டும் விற்கின்றன. ரிமோட், ஓடிடி செயலிகள் எல்லாம் உள்ளேயே இருக்கும். விளையாட்டு உங்களுக்கு ஒரு பொருட்டில்லை என்றால் இது நல்ல சமரசம். விளையாட்டு முக்கியம் என்றால் ஹெர்ட்ஸைப் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பாருங்கள். 60இலேயே நின்றுவிடுபவை இந்த வகையில் நிறைய.

5. பேனல்: ஐபிஎஸ் அல்லது விஏ

எல்சிடி திரையில் படம் தெரிகிற தகடுதான் பேனல். அதில் டிஎன், ஐபிஎஸ், விஏ என்று வகைகள் உண்டு. முதலில் டிஎன். பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் மாறிவிடும். குடும்பமே பார்க்கிற திரைக்கு வேண்டாம்.

ஐபிஎஸ் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். அதன் ஒளிமாறுபாடு (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) பெரும்பாலும் 1000:1 அளவு. விஏ பேனலில் அது 3000:1 அல்லது அதற்கு மேல், கறுப்பு கறுப்பாக இருக்கும். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுக்கும். மலிவான விஏக்களில், இருட்டுக் காட்சி வேகமாக நகரும்போது பின்னால் கரி இழுத்த மாதிரி ஒரு தடம் வரும்.

எங்கள் வீட்டில் அம்மா நேர் எதிரே உட்கார மாட்டார். கீரை ஆய்ந்துகொண்டு சமையலறை வாசலில் இருந்து ஒருக்களித்துத்தான் பார்ப்பார். அதனால் ஐபிஎஸ். நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகப் படம் பார்க்கிறவர் என்றால் விஏ வாங்குங்கள்.

திரைப் பரப்பு மினுமினுப்பாக இருந்தால் ஜன்னல் முழுக்க அதில் தெரியும். சொரசொரப்பானதே நம் ஊர் வெயிலுக்கு நல்லது.

6. விளையாட்டுக்கு: ஹெர்ட்ஸ், தாமதம், '2.1' என்ற ஏமாற்று

60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படம்; ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. 120 என்றால் பாதி. கதை விளையாட்டு, கிரிக்கெட், கால்பந்துக்கு 60 போதும். சுட்டு விளையாடுகிறவர்களுக்கு 120க்கு மேல் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

பொறிகள் மூன்று.

முதலாவது, டிவிப் பெட்டியில் 'மோஷன் ரேட்' போன்ற பெயரில் போடும் பெரிய எண். அது பேனலின் ஹெர்ட்ஸ் அல்ல, நடுவில் போலிப் படம் செருகுகிற மென்பொருளின் கணக்கு. 'நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்' எவ்வளவு என்று கேளுங்கள்.

இரண்டாவது, '1 எம்எஸ்', அதாவது ஒரு மில்லிநொடியில் படம் மாறிவிடும் என்கிற விளம்பரம். எம்பிஆர்டி என்று பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தால், பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு அளந்தது அது. அதற்காகக் கூடுதலாக ஒரு பைசாவும் தர வேண்டாம்.

மூன்றாவதுதான் பெரியது. எச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருந்தாலே 4கேயில் 120 ஹெர்ட்ஸ் வரும் என்று நினைக்காதீர்கள். 2.1இன் வசதிகள் பெரும்பாலும் கட்டாயமற்றவை. பழைய 2.0 வேகத்திலேயே ஓடுகிற துளைக்கும் 2.1 என்று பெயர் வைக்க விதி இடம் தருகிறது. பழைய வேகம் 18 கிகாபிட். 4கே 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். முழு 2.1 என்றால் 48 கிகாபிட். அதனால் '2.1 இருக்கிறதா' என்று கேட்காமல், 'எந்த எச்டிஎம்ஐ துளையில் 4கே 120 ஹெர்ட்ஸ் வரும், விஆர்ஆர் வேலை செய்யுமா' என்று கேளுங்கள். விஆர்ஆர் என்றால் விளையாட்டின் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்வது. டிவியில் நான்கு துளை இருந்தால் ஒன்றிரண்டில் மட்டும் 4கே 120 வருவது சகஜம்.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அது 2022 செப்டம்பரிலிருந்து 1440 புள்ளித் திரையையும் ஏற்கும். ஆனால் அதன் விஆர்ஆர் எச்டிஎம்ஐ 2.1 முறையில்தான் இயங்கும். மானிட்டர் பெட்டியில் ஃப்ரீசிங்க் (ஏஎம்டி நிறுவனத்தின் விஆர்ஆர் முறை) என்று மட்டும் இருந்தால் பிளேஸ்டேஷனுக்குப் பயன் இல்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டும் ஃப்ரீசிங்க்கையும் ஏற்கும்.

உங்கள் கணினியின் பக்கத்தையும் பாருங்கள். பழைய மடிக்கணினியில் எச்டிஎம்ஐ 1.4 இருந்தால் 4கேயில் 30 ஹெர்ட்ஸ்தான் வரும். மவுஸ் சேற்றில் நடக்கிற மாதிரி நகரும். யூஎஸ்பி-சி துளை வழியாகப் படம் வருமா என்று கணினியின் விவரக்குறிப்பில் தேடுங்கள். எல்லா யூஎஸ்பி-சியிலும் வராது.

7. செருக வேண்டியவை எத்தனை?

தாளில் மறுபடியும் ஒரு பட்டியல்: கணினி, பிளேஸ்டேஷன், செட்டாப் பாக்ஸ், ஓடிடி ஸ்டிக். நான்கு. பெரும்பாலான மானிட்டர்களில் இரண்டு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட் (கணினிக்கான இன்னொரு வகைப் படத் துளை). கணினியை டிஸ்ப்ளேபோர்ட்டில் போட்டால் இரண்டு எச்டிஎம்ஐ மிஞ்சும். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் இரண்டும் பிளேஸ்டேஷனிலேயே வரும் என்பதால் எனக்கு ஸ்டிக் தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவை என்றால் எச்டிஎம்ஐ சுவிட்ச் ஒன்று வாங்க வேண்டிவரும்.

இனி நான் முட்டிக்கொண்ட இடம். மானிட்டர் வந்து, மாட்டி, அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் செட்டாப் பாக்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்று ஏவி துளை மட்டும். எச்டிஎம்ஐ இல்லை. எச்டி இல்லாத பழைய எஸ்டி பெட்டிகள் பலவும் இப்படித்தான். மானிட்டரில் ஏவி துளை கிடையாது. 'நியூஸ் எப்படா வரும்?' என்று அம்மா கேட்க, 'நாளைக்கும்மா' என்றேன். நான்கு நாள் ஆயிற்று. ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுகிற கருவி ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், படம் சுமாராக இருக்கும். கேபிள்காரரிடம் எச்டி பெட்டி கேட்பது நல்லது. திரையை ஆர்டர் செய்யும் அன்றே கேளுங்கள். அவர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுக்க ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம்: மானிட்டரில் 3.5 மி.மீ. ஹெட்ஃபோன் துளை கட்டாயம் இருக்க வேண்டும். எச்டிஎம்ஐ வழியாக வருகிற சத்தம் அந்தத் துளை வழியாக ஸ்பீக்கருக்குப் போகும். சில மலிவு மாடல்களில் இது இருக்காது, ஜாக்கிரதை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அம்மாவுக்குச் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டே போதும்.

கேபிள்: 4கே 120க்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்று அச்சிட்ட, ஸ்கேன் செய்யக்கூடிய சான்று ஒட்டிய எச்டிஎம்ஐ வேண்டும். பிளேஸ்டேஷன் 5 பெட்டியோடு வருகிற கேபிளே போதுமானது. தெருவோரக் கூடையில் கிடக்கிற நூறு ரூபாய் கேபிளில் படம் கண் சிமிட்டும். திரை பழுது என்று நினைத்து அலைவீர்கள்.

8. பணக் கணக்கு

2025 செப்டம்பர் 22இலிருந்து டிவி, மானிட்டர் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 விழுக்காடுதான். அதற்கு முன் 32 அங்குலத்துக்கு மேல் 28 இருந்தது. யாராவது 'பெரிய திரைக்கு வரி அதிகம் சார்' என்றால் நம்ப வேண்டாம்.

நான் விசாரித்தபோது கிடைத்த விலைகள், தோராயமாக: 27 அங்குல 1440, ஐபிஎஸ், 144க்கு மேல் ஹெர்ட்ஸ் உள்ளது 15,000 முதல் 22,000 ரூபாய் வரை. 32 அங்குல 4கே 60 ஹெர்ட்ஸ் 25,000 முதல் 35,000. 4கேயும் வேண்டும், 120க்கு மேல் ஹெர்ட்ஸும் வேண்டும் என்றால் 30,000இல் 27 அங்குலம் தொடங்குகிறது, 32க்கு இன்னும் மேலே. 43 அங்குல 4கே டிவி 20,000 முதல் 35,000.

இதற்கு மேல் சில்லறைச் செலவு: ஸ்பீக்கர் 1,500, கேபிள் 700, மானிட்டர் கை வாங்கினால் 2,000 முதல் 4,000. மானிட்டர் கை மேசையில் பிடித்துக்கொள்ளும், சுவரில் துளை வேண்டாம். ராத்திரி திரையைக் கட்டில் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். வாடகை வீட்டுக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. வாங்கும் முன் திரையின் பின்னால் 75 அல்லது 100 மி.மீ. சதுரத்தில் நான்கு திருகுத் துளை இருக்கிறதா, கை தாங்கும் எடைக்குள் திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரம்: 45 வாட் மானிட்டர் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 27 யூனிட். 90 வாட் டிவி என்றால் 54.

வட்டியில்லா தவணை என்பதில் வட்டி அளவுக்குத் தள்ளுபடி தருகிறார்கள், ஆனால் அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியை வங்கி நம்மிடம் வாங்கிவிடும். செயலாக்கக் கட்டணம் தனி. இரண்டும் சேர்ந்து சில நூறுகள். தெரிந்து வாங்கினால் சரி.

எப்போது வாங்குவது? இணையத்தில் செப்டம்பர், அக்டோபர் விற்பனைகள். கடைகளில் ஆடியும் தீபாவளியும். அவசரமில்லை என்றால் காத்திருக்கலாம். விலையை மூன்று வாரம் முன்பிருந்தே குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஏற்றிவிட்டு இறக்கியதைத் தள்ளுபடி என்று நம்பிவிடுவோம்.

9. கடையில் மூன்று சுழி சோதனை

கணினித் திரைகளுக்குச் சென்னையில் ரிச்சி தெரு போகலாம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலை பதினொன்றுக்குப் போனால் கூட்டம் குறைவு. உங்கள் மடிக்கணினியையும் கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஓடவிடுகிற மயில், பவளப்பாறை வீடியோவில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். என்னை ஏமாற்றியதும் ஒரு மயில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு கோப்பில் 'கண்ணன், மன்னன், அண்ணன், வெண்ணெய்' என்று எழுத்தின் அளவை 9 என்று வைத்துத் தட்டச்சு செய்யுங்கள். மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று மேசைத் தூரத்தில் நின்று பாருங்கள். ஆங்கில எழுத்து ஏமாற்றும், நம் சுழிகள் ஏமாற்றாது. அப்புறம் அதே வரியை நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தாக மாற்றுங்கள். எழுத்து பிசுபிசுவென்று கலங்கினால், அந்தத் திரை நிறத் தகவலைக் குறைத்துத்தான் வாங்குகிறது. 'பிசி' அமைப்புக்கு மாற்றச் சொல்லி மறுபடி பாருங்கள். அப்போதும் கலங்கினால் எழுத்து வேலைக்கு அது வேண்டாம்.

பிறகு விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் எத்தனை ஹெர்ட்ஸ் காட்டுகிறது என்று பாருங்கள். கடைசியாகப் பக்கவாட்டில் நான்கு அடி நகர்ந்து நின்று ஒரு முறை.

'செட் பண்ணித் தர முடியாது சார், டிஸ்ப்ளே பீஸ் இல்ல' என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள். பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கும்.

10. பில், உத்தரவாதம், பேச்சு

மானிட்டருக்குப் பெரும்பாலும் மூன்று வருட உத்தரவாதம். டிவிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம், சிலர் பேனலுக்கு இன்னொரு வருடம் சேர்த்துத் தருவார்கள். ஒரே விலையில் இரண்டு இருந்தால் இது பெரிய வித்தியாசம்.

ஜிஎஸ்டி பில்லில் உங்கள் பெயர், மாடல் எண், வரிசை எண் மூன்றும் இருக்க வேண்டும். வரிசை எண்ணைப் பெட்டியோடும் திரையின் பின்பக்க ஒட்டோடும் ஒப்பிடுங்கள். 'பில் இல்லாம ரெண்டாயிரம் கம்மி' என்கிற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். சேவை மையத்தில் முதலில் கேட்பது பில்தான். இந்தியாவுக்கென்று விற்கப்படாத, வெளியிலிருந்து வந்த சரக்குக்கு இங்கே உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம்.

செத்த புள்ளி (வேலை செய்யாமல் நின்றுவிட்ட பிக்சல்) பற்றி வாங்கும் முன்பே கேளுங்கள். ஒன்றிரண்டு புள்ளி செத்திருந்தால் மாற்றித் தர மாட்டோம் என்பதே பல நிறுவனங்களின் விதி. எத்தனை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

தவணைக்கு நிதி நிறுவனம் மூலம் போனால் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் தேவைப்படும். அரை மணி நேரம் ஆகும், மதிய உணவுக்கு முன் போய்விடுங்கள்.

ஆட்டோவில் எடுத்துவந்தால் பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் ஒரு பள்ளம் போதும்.

11. முதல் வாரம்

இணையத்தில் வாங்கினால் மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் ஏழு நாள்தான். பழுது என்றதும் மாற்ற மாட்டார்கள். தொழில்நுட்பர் வந்து பார்க்க வேண்டும், அவர் வர இரண்டு மூன்று நாள். அதனால் முதல் 48 மணி நேரத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். பெட்டியைப் பிரிப்பதை ஆரம்பம் முதல் வெட்டாமல் வீடியோ எடுங்கள், வரிசை எண் அதில் தெரியட்டும்.

முழுத் திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றாகக் காட்டிச் செத்த புள்ளி தேடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்பில் மூலைகளைப் பாருங்கள். ஐபிஎஸ்ஸில் லேசான வெளிச்சக் கசிவு இயல்பு. ஒரு மூலை மட்டும் டார்ச் அடித்த மாதிரி இருந்தால் மாற்றக் கேளுங்கள். எல்லாத் துளையிலும் உங்கள் கருவிகளை ஒரு தடவை செருகிப் பாருங்கள்.

அமைப்புகள் ஒரு முறை செய்தால் போதும். வெளிச்சத்தைப் பகலுக்கும் ராத்திரிக்கும் தனித்தனியாகச் சேமியுங்கள். தொழிற்சாலையிலிருந்து வருகிற நூறு விழுக்காடு வெளிச்சம் கண்ணைக் குத்தும். 32 அங்குல 4கேயில் எழுத்து பெரிதாகத் தெரிய, விண்டோஸின் 'ஸ்கேல்' அளவை 125 அல்லது 150 விழுக்காடாக்குங்கள். விண்டோஸில் எழுத்தைத் தெளிவாக்கும் 'கிளியர்டைப்' அமைப்பைத் தேடி அதன் ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். பிளேஸ்டேஷனில் படத்தின் அளவு தானாகச் சரியாகிவிட்டதா என்று பாருங்கள். டிவி வாங்கியிருந்தால் விளையாட்டுக்குக் 'கேம் மோட்' கட்டாயம். இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவில் ஒரு தயக்கம் தெரியும்.

கடையோ இணைய விற்பனையாளரோ இழுத்தடித்தால், எழுத்து மூலமாக ஒரு புகார் அனுப்பிவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பில் எண்ணும் வரிசை எண்ணும் கையில் இருக்கட்டும்.

பெட்டியையும் தெர்மாகோலையும் காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மூன்று வருட உத்தரவாதத்தில் எப்போதாவது சேவை மையத்துக்குத் தூக்கிப் போக வேண்டி வந்தால் அது இல்லாமல் முடியாது. எங்கள் வீட்டில் அது பரணில், அம்மாவின் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.